ஆற்றில் அட்டையைப் போட்ட மனுஷன்: மைக்கேல் ஃபாரடே

பத்தமடைன்னு சொன்னா எல்லாரும் முதல்ல பாயைத்தான் கேப்பாங்க. நியாயம்தான். ஆனா பாய்க்கு முன்னாடி கோரை, கோரைக்கு முன்னாடி தண்ணி. அறுத்துக் காயவைத்த கோரையை ஓடுற தண்ணியில நாட்கணக்கில் ஊறப்போட்டால்தான் அது நூல் மாதிரி வளையும். தேங்கிக் கிடக்கிற தண்ணியில போட்டா வீணாப் போகும்னு எங்க ஆச்சி சொல்லுவா. இந்த 'ஓடுற தண்ணி' விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், குடிதண்ணீரில் எவ்வளவு குளோரின் மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் மின்வேதி சென்சார். தங்கம் பூசிய சின்ன மின்வாய் ஒன்று, வெள்ளி-வெள்ளி குளோரைடு கம்பி ஒன்று, ஒரு ஆப்-ஆம்ப் சர்க்யூட், ஒரு ஆர்டுயினோ. பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது இதையெல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். அடுப்படியில் ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணி பிடித்து மின்வாயை அதில் விட்டதும், தண்ணிக்கு ஈசிஜி எடுக்கியாலேன்னு ஆச்சி கேட்டா. கிட்டத்தட்ட அதுதான் என்று சொன்னேன்.

ஆனால் ஈசிஜி படுத்துவிட்டது. டிபிடி மாத்திரை போட்ட தண்ணி நல்லா ரோஸ் நிறமாக மாறியது, அதாவது குளோரின் இருக்கிறது. என் சென்சாரோ முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கி, ஒரு நிமிஷத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே கதைதான். அடுத்த வாரம் செகண்ட் ரிவ்யூ. அந்த மூன்று புள்ளிகளை மட்டும் எக்ஸெல்லில் லேசாக மேலே தூக்கிவிட்டால் கோடு அழகாக நேராக வரும். யாருக்குத் தெரியப்போகிறது?

அன்று ராத்திரி ரிப்போர்ட்டில் தியரி பக்கத்தை நிரப்புவதற்காக ஃபாரடே விதி பற்றித் தேடப் போனேன். விதியை விட்டுவிட்டு ஆளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்ததில் விடிந்துவிட்டது. அந்தக் கதைதான் இது.

கொல்லன் மகன்

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர். உடம்பு முடியாமல் பாதி நாள் வேலைக்குப் போக முடியாதவர். வீட்டில் நாலு பிள்ளைகள். 1801-ல் பஞ்சம் வந்தபோது மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான். எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு, அவ்வளவோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் செய்தித்தாள் போடும் பையனாகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே அங்கே பைண்டிங் வேலை பழக ஏழு வருஷ ஒப்பந்தம். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைப்பதற்கு முன்பு படித்துவிடுவார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் என்ற பெண்மணி சாதாரண மக்களுக்காக எழுதிய வேதியியல் புத்தகம், இரண்டும் அவரைப் பிடித்துக்கொண்டன. கையிலிருந்த சில்லறைக் காசில் பாட்டில்களும் கம்பிகளும் வாங்கி, படித்ததைச் செய்து பார்த்தார். செய்து பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்ற பழக்கம் அங்கேதான் வந்தது.

1812-ல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவி பேசும் நாலு விரிவுரைகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்றைக்கு ஒரு ஸ்டார். மின்சாரத்தால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தவர். அந்தப் பச்சை மஞ்சள் வாயு ஒரு கூட்டுப்பொருள் இல்லை, அது ஒரு தனிமம் என்று சொல்லி 1810-ல் அதற்குக் குளோரின் என்று பேர் வைத்தவரும் அவர்தான். ஃபாரடே கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்ட் செய்து, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினார். நம்ம ஊர்க் கணக்கில், கைவேலையையே ரெஸ்யூமாக அனுப்பிய மாதிரி.

குளோரின் கொடுத்த வேலை

இங்கே ஒரு விசித்திரம். அந்த வருஷக் கடைசியில் டேவி, நைட்ரஜனும் குளோரினும் சேர்ந்த ஒரு சேர்மத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். நைட்ரஜன் ட்ரைகுளோரைடு, தொட்டால் வெடிக்கிற எண்ணெய். அது வெடித்ததில் டேவிக்குக் கண்ணில் அடி. எழுத முடியாத அவருக்குச் சில நாள் எழுதிக் கொடுக்கக் கூப்பிட்டது ஃபாரடேயை. கொஞ்ச நாளில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழக்க, 1813 மார்ச் 1 அன்று ஃபாரடே அந்த இடத்தில் சேர்ந்தார். வாரச் சம்பளம், மாடியில் இரண்டு அறை. சேர்ந்த சில வாரங்களிலேயே அதே எண்ணெய் வெடித்து அவர் கையிலும் காயம்.

குடிதண்ணீரில் அம்மோனியா கலந்திருந்தால் நாம் போடும் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின்களாகிவிடும். நைட்ரஜன் ட்ரைகுளோரைடு அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. தனியாக இருக்கும் குளோரின் எவ்வளவு, இப்படிச் சேர்ந்துபோன குளோரின் எவ்வளவு என்று பிரித்து அறிவதுதான் இன்றைக்கும் சென்சார் செய்கிறவர்களுக்குத் தலைவலி.

1813-லிருந்து 1815 வரை டேவி தம்பதியோடு ஐரோப்பா முழுக்கப் பயணம். பாரிஸில் ஆம்பியர், இத்தாலியில் வோல்டா, எல்லாரையும் நேரில் பார்த்தார். ஆனால் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். போகவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது பாக்கி இருந்தது.

1823-ல் மறுபடி குளோரின். குளோரின் கலந்த பனிப்படிகங்களை மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கினார். குழாயின் உள்ளே எண்ணெய் மாதிரி ஏதோ தெரிந்தது. பார்க்க வந்த நண்பர், குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். மறுநாள் அவருக்கு ஃபாரடேயிடமிருந்து சின்னச் சீட்டு வந்தது. அந்த எண்ணெய் வேறொன்றுமில்லை, திரவக் குளோரின்! தன் சொந்த அழுத்தத்திலேயே வாயு திரவமாகியிருந்தது. இன்று பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் சிலிண்டரில் குளோரின் வருகிறதே, அதன் தொடக்கம் இந்தக் குழாய்தான். இந்தச் சோதனைகளிலும் குழாய் வெடித்துக் கண்ணாடித் துணுக்குகள் அவர் கண்ணில் பட்டன.

அதே வருஷம் லண்டனில் மில்பேங்க் சிறையில் கொள்ளைநோய். கட்டடத்தைச் சுத்தப்படுத்தும் பொறுப்பு ஃபாரடேயிடம் வந்தது. உப்பு, மாங்கனீசு ஆக்சைடு, கந்தக அமிலம் மூன்றையும் கலந்து பாத்திரங்களில் வைத்து, கதவுகளை அடைத்து, அறை அறையாகக் குளோரின் புகை போட்டார். 1824-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட வாடைதான் நோய் என்று நம்பிய காலம். காரணம் தெரியாமலே சரியான மருந்தைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

கணக்கு வராதவர், கிரேக்கம் தெரியாதவர்

1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். நம்ம ட்ரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. இது எல்லாருக்கும் தெரியும் என்பதால் தாண்டிப் போகிறேன். எனக்கு முக்கியம் அடுத்த மூன்று வருஷம்.

கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் பொருள் பிரிகிறது. எவ்வளவு மின்சாரம் போகிறதோ அதற்குச் சரியான விகிதத்தில்தான் பிரியும். ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு பொருள்களைப் பிரிக்கும்போது, அந்த அளவுகள் அவற்றின் சமான எடைகளின் விகிதத்தில் இருக்கும். இவைதான் அவருடைய மின்னாற்பகுப்பு விதிகள். இதை வைத்து ஒரு கருவியும் செய்தார். தண்ணீர் பிரிந்து வரும் வாயுவை அளவுக் குழாயில் பிடித்து, எவ்வளவு மின்சாரம் போனது என்று கணக்குப் பார்ப்பது. அதாவது தண்ணியை வைத்து மின்சாரத்தை அளந்தார். நாம் இன்று செய்வது அதையே திருப்பிப் போடுவது, மின்சாரத்தை வைத்துத் தண்ணியை அளப்பது.

எப்படி என்கிறீர்களா? தண்ணியில் போட்ட ப்ளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோ ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. கிருமியைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். தங்க மின்வாய்க்குச் சரியான மின்னழுத்தம் கொடுத்தால், அங்கே வந்து சேரும் ஒவ்வொரு அமில மூலக்கூறும் இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு சாதாரணக் குளோரைடாகிவிடும். அந்த எலக்ட்ரான்களின் ஓட்டம்தான் நாம் படிக்கும் மின்னோட்டம். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும். அந்த எண்ணுக்கே ஃபாரடே மாறிலி என்றுதான் பேர். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 கேட்பது, ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின். அவ்வளவு சின்ன அளவு, மைக்ரோ ஆம்பியரிலும் அதற்குக் கீழும்தான் பேசும்.

இந்தப் புது விஷயங்களைச் சொல்ல ஃபாரடேக்கு வார்த்தை இல்லை. கிரேக்கமும் லத்தீனும் தெரிந்தவர்கள்தான் அன்று படித்தவர்கள். இவருக்கு இரண்டும் தெரியாது. வெட்கப்படாமல் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டார். முக்கியமாக கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல். அப்படி 1834-ல் பிறந்தவைதான் எலக்ட்ரோட், எலக்ட்ரோலைட், ஆனோடு, கேத்தோடு, அயான். நான் இங்கிலீஷ் மீடியத்தில் இவற்றை மனப்பாடம் செய்தவன். மின்வாய், மின்பகுளி, அயனி என்று தமிழில் இருப்பதே தம்பியின் பாடப்புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்தக் கட்டுரைக்கே பாதி வார்த்தைகளை அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கேட்பதில் தப்பில்லை என்று ஃபாரடே சொல்லித் தந்த தைரியம்.

கணக்கும் அப்படித்தான். கால்குலஸ் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. மனதில் கோடுகளாகப் பார்த்தார், சோதனையாகச் செய்தார். அந்தக் கோடுகளைச் சமன்பாடுகளாக்கியது பின்னால் வந்த மேக்ஸ்வெல். எம்-3 அரியர் வைத்திருக்கும் மக்களே, இது உங்களுக்கான ஆறுதல் இல்லை. அவர் கணக்கில்லாமல் ஜெயிக்கவில்லை, கணக்குக்குப் பதிலாகப் பத்து மடங்கு சோதனை செய்து ஜெயித்தார்.

தேம்ஸில் வெள்ளை அட்டை

1855 ஜூலை 7. ஃபாரடேக்கு வயது 63. லண்டனில் தேம்ஸ் ஆற்றில் நீராவிப் படகில் போய்க்கொண்டிருந்தார். ஆறு முழுக்கக் கலங்கிய பழுப்பு நிறம், சாக்கடை நாற்றம். லண்டன்காரர்கள் தினமும் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போன காட்சிதான். இவர் என்ன செய்தார்? கையிலிருந்த வெள்ளை அட்டைகளைக் கிழித்தார். சட்டென்று மூழ்குவதற்காக அவற்றை நனைத்துக்கொண்டார். படகு நின்ற ஒவ்வொரு துறையிலும் சில துண்டுகளைத் தண்ணியில் போட்டார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தும், ஓர் அங்குல ஆழம் போவதற்குள் அட்டை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அதை அப்படியே கடிதமாக எழுதி டைம்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார். இப்படியே விட்டால் ஒரு வெயில்காலம் நமக்குப் பாடம் புகட்டும் என்று எச்சரித்தார்.

லேப் இல்லை, மீட்டர் இல்லை, ஃபண்டிங் இல்லை. அட்டையும் கண்ணும் மட்டும். ஆனால் நாறுகிறது என்று புலம்புவதற்கும், ஓர் அங்குலத்தில் மறைகிறது என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாவது குறை. இரண்டாவது அளவு. குறையை மறுத்துப் பேசலாம், அளவைப் பேச முடியாது. யார் வேண்டுமானாலும் அட்டையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று வருஷம் கழித்து, 1858 வெயில் காலத்தில் அவர் சொன்னது நடந்தது. நாற்றம் தாங்காமல் பாராளுமன்றத்தின் ஜன்னல் திரைகளை ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பிறகுதான் சட்டம் வந்தது. பஸல்ஜெட் என்ற பொறியாளர் லண்டனுக்கு அடியில் பெரும் கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டினார். குடிதண்ணீரிலேயே தொடர்ந்து குளோரின் கலக்கும் பழக்கம் அதற்கும் ரொம்பப் பின்னால், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905-லும் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-லும்தான் தொடங்கியது. ஃபாரடே அதைப் பார்க்கவில்லை.

கடைசிச் சோதனை

பட்டங்களை அவர் விரும்பவில்லை. சர் பட்டம் வேண்டாம், ராயல் சொசைட்டி தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். குழந்தைகளுக்காக கிறிஸ்துமஸ் விரிவுரைகள் மட்டும் 19 தொடர்கள் நடத்தினார். 1840-களிலிருந்தே ஞாபக சக்தி குறைந்துகொண்டே போனது. செய்த சோதனையையே மறந்துவிடுவார். அதனால்தானோ என்னவோ, நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார். வரிசை எண் போட்ட பத்திகள் 16,000-த்தைத் தாண்டின. பலித்தது, பலிக்காதது எல்லாமே அதில் உண்டு.

1862 மார்ச்சில் அவருடைய கடைசிச் சோதனை. காந்தத்துக்கு நடுவில் சோடியம் சுடரை வைத்தால் அதன் ஒளியில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தார். எதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை என்றே எழுதிவைத்தார். 1867 ஆகஸ்ட் 25 அன்று, அரசி விக்டோரியா கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில் காலமானார். 1896-ல் ஹாலந்தில் பீட்டர் ஸீமன், ஃபாரடே இதைத் தேடினார் என்று படித்துவிட்டு, இன்னும் நல்ல கருவியோடு அதே சோதனையைச் செய்தார். மாற்றம் தெரிந்தது! 1902-ல் நோபல் பரிசும் வந்தது. ஃபாரடே தேடியது சரி, அவருடைய கருவிக்குத்தான் அவ்வளவு கண் இல்லை. பலிக்காததை அவர் எழுதாமல் விட்டிருந்தால் ஸீமனுக்கு அந்த வழி தெரிந்திருக்குமா?

இங்கேதான் என் மூன்று புள்ளிகள் ஞாபகம் வந்தன. அவற்றை மேலே தூக்கவில்லை. எதனால் விழுந்தன என்று பார்த்தேன். மின்வாய் குளோரினைச் சாப்பிட்டுத்தான் மின்னோட்டம் தருகிறது. டம்ளரில் அசையாமல் நிற்கிற தண்ணியில், மின்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற குளோரின் தீர்ந்துபோகிறது, தூரத்தில் இருப்பது வந்து சேர நேரமாகிறது. அதனால்தான் ஏறி இறங்கியது. காலையில் ஆச்சியின் அகப்பையை வாங்கி, தண்ணியை ஒரே சீராகக் கலக்கிக்கொண்டே அளந்தேன். எண் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. ஓடுற தண்ணிதான் வேணும், கோரைக்கும் சரி, சென்சாருக்கும் சரி.

முழுக்க ஜெயித்துவிடவில்லை. டிபிடி காட்டியதைவிட என் சென்சார் இன்னும் குறைவாகத்தான் காட்டியது. பிஹெச் 7.5 பக்கம் போனாலே அமிலத்தில் பாதி ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடுகிறது. என் மின்வாய் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை, டிபிடி இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. பிஹெச் திருத்தம் இனிமேல்தான் சேர்க்க வேண்டும். ரிவ்யூவில் விழுந்த மூன்று புள்ளிகளையும் அப்படியே காட்டி, பக்கத்தில் காரணத்தை எழுதினோம். அதிகம் கேள்வி வந்ததும் அதைப் பற்றித்தான், பதில் சொல்ல முடிந்ததும் அதற்குத்தான்.

இந்தத் துறைக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லி முடிக்கிறேன். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம்ம காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில் திறந்தார்கள். அழகப்பர் படித்தது ஆங்கில இலக்கியம். ஃபாரடே பழகியது புத்தக பைண்டிங். மின்வேதியியல் யாருடைய டிபார்ட்மென்ட் என்று இனிமேல் யாராவது கேட்டால், இந்த இரண்டு பேரைச் சொல்லலாம்.

அடுத்த லீவுக்குப் போகும்போது கொஞ்சம் வெள்ளை அட்டையும் எடுத்துப் போகப்போகிறேன். சென்சார் வேலை செய்யாவிட்டாலும், படித்துறையில் நின்று தாமிரபரணியில் ஒரு துண்டைப் போட்டு, எத்தனை அங்குலம் வரை தெரிகிறது என்று பார்த்து எழுதிவைக்கலாமே. உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ குளமோ இருக்கும். போட்டுப் பாருங்கள். வருகிற எண் எதுவானாலும், அப்படியே எழுதுங்கள்.